எல்எஸ்வி லீவரைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டலாமா?

ஆறுசக்கரம்:
லாரியில் பின்னால் ரெண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டேன். அதிலிருந்து லோடு ஏற்றினால் பின் பிரேக் பிடிப்பதில்லை, முன் டிரம் மட்டும் கொதிக்கிறது. லோடுக்கு ஏற்பப் பின் பிரேக்குக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லோடு சென்சிங் வால்வின் (எல்எஸ்வி) லீவரை மேலே தூக்கிக் கட்டுக்கம்பியால் கட்டிவிடு என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

தொப்பூர்க்காரன்:
தாராளமாகக் கட்டுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் லோடோடு கணவாய் இறங்கிப் பார்த்தால் தெரியும், பின் சக்கர பிரேக்குக்கு முழுக் காற்று வேண்டும். அந்த வால்வு சேற்றிலும் தண்ணீரிலும் கிடக்கிற சாமான். காலி நிலையில் துருப்பிடித்து இறுகிவிட்டால் யார் பொறுப்பு?

பட்டறைப்பிள்ளை:
அண்ணே, போகும்போது சரி. இறக்கிவிட்டுத் திரும்பும்போது? காலி வண்டியில் பின் சக்கரத்துக்கு முழுக் காற்று போனால், தூறலில் ஒரு மிதி மிதித்ததும் டயர் லாக் ஆகி வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

தொப்பூர்க்காரன்:
அளவாக மிதிக்கத் தெரியாதவன் ஸ்டியரிங்கையே தொடக்கூடாது தம்பி. வால்வே இல்லாத வண்டியைத்தான் நாங்கள் ஓட்டினோம். இப்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்க ஏபிஎஸ் வேறு இருக்கிறது.

பட்டறைப்பிள்ளை:
குறுக்கே பைக் வந்தால் அளவு பார்த்து மிதிக்க நேரம் ஏது? ஏபிஎஸ்ஸா, சென்சார் வயர் அறுந்து டேஷ்போர்டில் விளக்கு எரிந்தபடியே ஓடுகிற வண்டிகளை தினமும் பார்க்கிறேன்.

இங்கே கோளாறு வால்வில் இல்லை. வால்வு சேஸில் இருக்கிறது, அதன் லீவரிலிருந்து ஒரு ராட் பின் ஆக்சில் ஹவுசிங்குக்குப் போகிறது. லோடு ஏறினால் சேஸ் தாழும், லீவர் மேலே போகும், பின்னால் காற்று கூடும். பட்டை ஏற்றியதால் வண்டி உயர்ந்துவிட்டது, லோடிலும் முன்போலத் தாழ்வதில்லை. முழு லோடையும் வால்வு அரை லோடு என்று எடுத்துக்கொள்கிறது.

ரெண்டாம்ஓனர்:
அப்படியென்றால் ராடை நீட்டினால் போதாதா? எஃப்சிக்கு முன்னால் எனக்கு அதைத்தான் செய்து கொடுத்தார்கள்.

பட்டறைப்பிள்ளை:
காலி வண்டிக்கு அளவு சரியாகும், லோடில் திரும்பவும் குறையும். பட்டை விறைப்பாகிவிட்டதே! குறைந்த அசைவுக்கும் லீவர் அதே அளவு திரும்ப வேண்டுமென்றால், ராட் மாட்டும் இடத்தை வால்வுக்குக் கிட்டே கொண்டுவர வேண்டும். சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டேங்கில் காற்று நிரப்புங்கள். வால்வுக்கு உள்ளே போகும் வழியில் ஒரு பிரஷர் கேஜ், வெளியே வரும் வழியில் ஒரு கேஜ். மிதித்துப் பார்த்து, எந்த லோடுக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும், வண்டியில் உள்ள எல்எஸ்வி தகட்டோடு ஒப்பிடுங்கள். காலியில் ஒரு தடவை, லோடில் ஒரு தடவை.

தொப்பூர்க்காரன்:
தகடா? அதன்மேல் பெயின்ட் அடித்து லட்சுமி படம் ஒட்டியிருப்பார்கள். ரெண்டு கேஜ் வைத்திருக்கிற பட்டறையை முதலில் காட்டுங்கள்.

பட்டறைப்பிள்ளை:
கம்பெனி சர்வீஸில் இருக்கும். தகடு இல்லையென்றால் உங்கள் மாடலுக்கான அளவை அவர்களிடமே கேட்கலாம். கூடுதல் பட்டை போட்டதையும் சொல்லுங்கள், கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள். ஓவர்லோடு அடிக்கவில்லையென்றால் அது எதற்கு?

தொப்பூர்க்காரன்:
வாடகை நீங்களா கொடுக்கிறீர்கள்? சரி, கேஜ் வைத்துப் பார்க்கட்டும். அதுவரை லோடு எடுத்தால் நான் கட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.

ஆறுசக்கரம்:
நாளைக்கு எடுக்க இருந்த லோடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலியாகவே சர்வீஸுக்குக் கொண்டுபோகிறேன், கம்பி இல்லாமல்.