கியூபெக் தனிநாடாவதை யாழ்ப்பாணத்தவர் ஆதரிக்க வேண்டுமா?

கொக்குவிலான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. என் மூத்த அக்கா திருமணமாகி, கனடாவில் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியலுக்குப் போய்ப் பதினெட்டு வருடங்களாகின்றன. கனடியக் குடியுரிமையும் வாக்குரிமையும் அவருக்கு உண்டு. தாங்கள் ஆட்சிக்கு வந்தால் முதல் தவணைக்குள்ளேயே கியூபெக் பிரிவது பற்றி மூன்றாவது சர்வசன வாக்கெடுப்பை நடத்துவோம் என்று பார்ட்டி கெபெக்வா கட்சி உறுதி கூறியிருப்பதால், அப்படியொரு நாள் வந்தால் எந்தப் பக்கம் வாக்களிப்பது என்ற பேச்சு அவர் வீட்டில் இப்போதே தொடங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்பாவிடம் அதைக் கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை. "தனி மொழியும் தனி நிலமும் உள்ள ஒரு சனம் தன்னைத் தானே ஆளக் கேட்கிறது. அதற்கு நாங்கள் வேண்டாம் என்று சொல்லலாமா?" என்றார். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியும் கையுமாக வெளியே வந்து, "பிள்ளை நிம்மதியாக இருக்கிற ஒரேயோர் இடத்தையும் ஏன் குழப்ப வேண்டும்?" என்று கேட்டார்.

இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. சுயநிர்ணயம் ஓர் உரிமை என்று நாம் நம்பினால், உலகில் எந்த மாநிலம் பிரிவைக் கேட்டாலும் ஆதரிப்பதற்கு நாம் கடமைப்பட்டவர்களா? அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோட வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் அக்காவுக்கும் அனுப்பி வைப்பேன்.

ஓய்வுபெற்ற அரசறிவியல் ஆசிரியர், வட்டுக்கோட்டை:

தம்பி, இதைக் கேட்டதற்கு முதலில் நன்றி. 1976 மே 14 அன்று எங்கள் ஊருக்கு அருகே பண்ணாகத்தில் தந்தை செல்வா தலைமையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு கூடியபோது, பந்தலின் ஓரத்தில் நெரிசலில் நின்ற இளைஞர்களில் நானும் ஒருவன். தனித் தமிழீழம் கோரும் தீர்மானம் வாசிக்கப்பட்டபோது என் உடல் சிலிர்த்தது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் பின்னாளில் உயர்தர மாணவர்களுக்குக் கனடாவைப் பற்றிக் கற்பித்தபோதுதான், அன்று நாங்கள் எவருமே கேட்டிராத கேள்விகள் எத்தனை என்பது எனக்கு விளங்கியது.

கியூபெக்கில் இதுவரை இரண்டு வாக்கெடுப்புகள் நடந்துள்ளன. 1980இல் ஏறத்தாழ 60 வீதமானோர் வேண்டாம் என்றார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று 93 வீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். வேண்டாம் என்றவர்கள் 50.58 வீதம், வேண்டும் என்றவர்கள் 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்குகள் மட்டுமே. அன்றிரவு தோல்வியை ஏற்றுப் பேசிய கியூபெக் முதல்வர் ஜாக் பரிசோ, பணமும் இனக்குழுக்களின் வாக்குகளுமே தங்களைத் தோற்கடித்தன என்றார்; மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைப் படித்தால் இன்னொன்றும் புரியும். கனடாவுடன் புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவு ஒன்றை முறைப்படி முன்மொழிந்த பிறகு கியூபெக் இறைமை பெறுவதை ஏற்கிறீர்களா என்று அது கேட்டது. பிரிகிறோமா, கூட்டாளியாகிறோமா என்பதை அந்த வாக்கியத்திலிருந்து ஒரு சாதாரண வாக்காளர் எப்படி அறிந்துகொள்வார்?

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கவே கனடிய மத்திய அரசு தன் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டது. 1998 ஓகஸ்ட் 20 அன்று நீதிமன்றம் சொன்னதில் இரண்டு பாகங்கள் உள்ளன. ஒரு மாகாணம் தன்னிச்சையாகப் பிரிந்துபோகும் உரிமை கனடிய அரசியலமைப்பிலும் இல்லை, சர்வதேசச் சட்டத்திலும் இல்லை. குடியேற்ற ஆட்சிக்கோ அந்நிய அடக்குமுறைக்கோ உட்பட்ட மக்களுக்கும், ஒருவேளை தம் நாட்டுக்குள் ஆட்சியில் பங்கே மறுக்கப்பட்ட மக்களுக்கும்தான் அவ்வுரிமை எழலாம். அதேவேளை, தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை ஆம் என்று சொன்னால், அதைப் புறக்கணிக்காமல் பேச்சுவார்த்தைக்கு வரும் கடமை மற்றத் தரப்புகளுக்கு உண்டு. 2000ஆம் ஆண்டின் தெளிவுச் சட்டம் இதன் அடியொற்றி வந்ததே. ஆனால் எத்தனை வீதம் இருந்தால் தெளிவான பெரும்பான்மை என்பதை அச்சட்டமும் எண்ணில் சொல்லவில்லை.

ஆகவே, உங்கள் அப்பாவின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. கியூபெக் தனக்கென வருமான வரி அறவிடுகிறது. தனக்கென ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. தன் மண்ணில் குடியேற வரும் தொழிலாளரைத் தானே தெரிவு செய்கிறது. பிரெஞ்சைத் தன் ஒரே அரசமொழியாக வைத்திருக்கிறது. கனடாவின் பிரதமர்கள் பலர் அந்த மாகாணத்திலிருந்தே வந்தவர்கள். நமது வடமாகாண சபைக்கோ 2013இல் ஒருமுறை தேர்தல் நடந்தது. 2018இல் அதன் காலம் முடிந்த பின் ஆளுநர் ஒருவரின் கையொப்பத்தில்தான் எல்லாம் நடக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இலங்கையில் அரசியலமைப்பின் 1983ஆம் ஆண்டு ஆறாவது திருத்தத்தின்படி தனிநாட்டை ஆதரித்துப் பேசுவது குற்றம். சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று நமது உயர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. நான் எழுதியது கனடாவைப் பற்றி. ஆனால் ஒரு நாட்டு நீதிமன்றம் பிரிவினை என்ற சொல்லைக் கண்டு பதறாமல், அதைப் பேசுவதற்குரிய விதிகளை எழுதித் தந்தது என்பதை நம் மாணவர்கள் அறியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மொன்றியல்வாசி, முன்னர் நீர்வேலி:

ஆசிரியர் ஐயா சொன்ன அந்த 1995 ஒக்டோபர் 30 அன்று நான் வாக்களித்தேன். குடியுரிமை கிடைத்து இரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. வாழ்நாளில் நான் பயமில்லாமல் போட்ட முதல் வாக்கு அது. வேண்டாம் என்ற வட்டத்துக்குள் புள்ளடியிட்டேன். காரணம் கொள்கை அன்று, கடவுச்சீட்டு. இந்த நாடு இரண்டானால் நான் எந்த நாட்டின் ஆள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

வேலை முடிந்து இரவு அறைக்கு வந்தபோது நண்பர்கள் ஒருவரும் தொலைக்காட்சியில் வாக்கு எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் தொலைபேசியைச் சுற்றி இருந்தார்கள். இராணுவம் முன்னேற, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்துவிட்டது என்ற செய்தி வந்திருந்தது. நான் வாக்குச் சாவடியில் வரிசையில் நின்ற நேரத்தில் என் அம்மா மழையில் நாவற்குழிப் பாலத்தடியில் நின்றிருக்கிறார். அங்குலம் அங்குலமாகத்தான் சனம் நகர்ந்ததாம். குடையைத் தலைகீழாகப் பிடித்து அதில் சேர்ந்த மழைநீரைத் தம்பிக்குக் குடிக்கக் கொடுத்தாராம். அவர் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவர மூன்று கிழமை ஆனது. ஒரு நாட்டின் எல்லையைப் பற்றிய கேள்வி ஓர் ஊரில் பென்சிலாலும் இன்னோர் ஊரில் ஷெல்லாலும் தீர்க்கப்படுவதை ஒரே நாளில் பார்த்தவன் நான்.

மறுநாள் உணவகச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கெட்ட மனிதர் அல்லர். குளிருக்கு எனக்குத் தன் பழைய மேலங்கியைத் தந்தவர். எங்களைப் போலக் குடியேறியவர்களின் வாக்குகளால்தான் தாங்கள் தோற்றதாக அவரும் நம்பினார். எனக்கு வலித்தது. ஆனால் தன் மொழி பேரப்பிள்ளையின் வாயில் இல்லாமல் போகும் என்று அவர் அஞ்சியது எனக்கு விளங்காத அச்சமா? குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்க வேண்டுமென்ற கியூபெக்கின் 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் மகள், இன்று வாக்கெடுப்பு வந்தால் ஆம் என்பேன் என்கிறாள். நான் அவளோடு வாதாடுவதில்லை. இது அவள் பிறந்த மண்.

சோனகதெரு, யாழ்ப்பாணம்:

இங்கே நான் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் ஆசிரியரும் மொன்றியல் அண்ணாவும் விட்டுவிட்ட ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். 1995இல் கியூபெக்கின் வடக்கே வாழும் கிரீ பழங்குடி மக்கள், மாகாண வாக்கெடுப்புக்குச் சில நாள்கள் முன்பாகத் தாங்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். கியூபெக் பிரிந்தால் எங்களையும் எங்கள் நிலத்தையும் எங்கள் சம்மதமில்லாமல் கொண்டுபோகலாமா என்பதே அவர்களது கேள்வி. 96 வீதத்துக்கும் மேற்பட்டோர் அதற்குச் சம்மதமில்லை என்றார்கள். அங்குள்ள இன்னொரு பழங்குடியினரான இனுயிட் மக்களும் அப்படியே செய்தார்கள். கனடா பிரிக்கப்படக்கூடியது என்றால் கியூபெக்கும் பிரிக்கப்படக்கூடியதே என்ற அந்த வாதத்துக்குப் பிரிவினை கேட்டவர்களிடம் திருப்தியான பதில் இருக்கவில்லை.

எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், அதற்கு ஐந்து வருடங்கள் முன்பு, அதே ஒக்டோபர் 30 அன்று, எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. விடுதலைப் புலிகள் எங்கள் எல்லோரையும் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வீட்டைவிட்டுப் போக இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். உம்மாவின் காதிலிருந்த தோட்டைக் கழற்றும்போது அதன் சுரை இறுகிப்போய் வரவில்லை. ஆயுதத்தோடு நின்ற பையன் பொறுமையிழந்து இழுத்தான். அந்தக் காதின் கிழிசல் அவர் புத்தளத்தில் மவுத்தாகும் வரை ஆறியும் மூடவில்லை. வடக்கிலிருந்து அந்த மாதம் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். தமிழ்தான் எங்கள் மொழி; ஆனால் யாரும் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கொக்குவில் தம்பி, நான் பிரிவினைக்கு எதிராக எழுதவில்லை, ஆதரவாகவும் எழுதவில்லை. உங்கள் அக்கா எந்தப் பக்கமும் புள்ளடியிடட்டும். அதற்கு முன்பு, வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் மறுநாள் காலையில் உங்கள் நாட்டில் என்னவாக இருப்பார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கட்டும்.

கொக்குவிலான்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இவை எல்லாவற்றையும் தொலைபேசியில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சோனகதெரு அக்கா எழுதியதை அப்பாவே வாங்கி வாசித்தார். நடுவில் நிறுத்தி, அந்த வீட்டாரைத் தனக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்றும், அந்தத் தெருவில் தான் தையற்கடைக்குப் போய்வந்த காலம் உண்டு என்றும் சொன்னார். அதன் பின் அவர் கியூபெக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை. அக்கா அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது என்று தன் மகனிடம் எழுதி வாங்கிக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.