புளிக்க வைத்த முட்டைகோஸ் மேல் வெள்ளைப் படலம், சாப்பிடலாமா?

கேள்வி: முட்டைகோஸ், கேரட் நறுக்கி உப்புநீரில் புளிக்க வைத்திருக்கிறேன். மேலே மெல்லிய வெள்ளைப் படலம், வாடை என்னவோ நல்ல புளிப்புதான். உப்பு கண்ணளவில் போட்டது. கெட்ட கிருமி ஏதும் இருக்குமா?

பதில் 1: தட்டையாக, வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் காற்றுப் பட்டு வளரும் ஈஸ்ட், வழித்துப் போடலாம். பஞ்சு மாதிரி எழும்பி பச்சை, கறுப்பு என்று நிறம் காட்டினால் பூஞ்சை, மொத்தமாகக் கொட்டிவிடுங்கள்.

பதில் 2: படலம் கிடக்கட்டும், எனக்கு உறுத்துவது அந்தக் கண்ணளவுதான். காய் எடையில் 2 முதல் 3 சதவீதம் உப்பு இருந்தால் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொள்ளும், அது சுரக்கும் அமிலத்தில் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு நோயைத் தரும் கிருமியால் வளர்ந்து நஞ்சு உண்டாக்க முடியாது. வாடையை நம்பாதீர்கள், அந்த நஞ்சுக்கு வாடையே கிடையாது. பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள்.

கேட்டவர்: பார்த்தேன், 4-க்கும் கீழே! வீட்டில் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கொடுக்கலாமா?

பதில் 2: பச்சையாக வேண்டாம். லிஸ்டீரியா, சில ஈ.கோலை வகைகள் போன்ற நோய்க்கிருமிகள் எல்லாம் அமிலத்தைக் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், லிஸ்டீரியா ஃபிரிட்ஜ் குளிருக்கும் அசராது. கொதிக்கக் கொதிக்க வேகவைத்துக் கொடுங்கள், நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துவிடும்தான், பரவாயில்லை.