ஆன்ட்லர் லெக்ஸரில் டைரக்டிவ் வரியின் முடிவை எப்படிப் பிடிப்பது?

சின்ன டெம்ப்ளேட் மொழி ஒன்றுக்கு, பார்சர் உருவாக்கும் கருவியான ஆன்ட்லர் 4.13.1-இல் பார்சர் (உரையை இலக்கண விதிப்படி அலசும் நிரல்) எழுதுகிறேன், ஜாவா டார்கெட். ‘#’ போட்டுத் தொடங்கும் டைரக்டிவின் (கட்டளையின்) ஆர்கியுமென்ட் அந்த வரியோடு முடிய வேண்டும். மற்ற இடங்களில் புதுவரியை ஸ்கிப் செய்கிறேன். அதனால் ‘#எனில் அ’ என்ற வரிக்கு அடுத்த வரி அடைப்புக்குறியில் தொடங்கினால், இரண்டையும் சேர்த்து ஃபங்ஷன் அழைப்பாகப் படித்துவிடுகிறது.

உரையை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக வெட்டும் லெக்ஸரின் கிராமரைத் தனியாகப் பிரித்து, ‘#’ வந்ததும் வேறு விதித்தொகுப்புக்கு (மோட்) மாற புஷ்மோட், புதுவரியில் பழையதற்குத் திரும்ப பாப்மோட் வைத்துப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் எண், சரம், ஆபரேட்டர் என எல்லா விதிகளையும் அந்த மோடிலும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அப்புறம் ‘#எச்சரிக்கை’ வரி முடியும்வரை வெறும் உரை கேட்கிறது. அதற்கான விதியை அதே மோடில் சேர்த்தால், நீளமான பொருத்தமே ஜெயிப்பதால் எல்லா ஆர்கியுமென்ட்டையும் அதுவே விழுங்குகிறது. விதிகளின் வரிசையை மாற்றியும் பயனில்லை.

விதிகளை இரட்டிக்காமல், டைரக்டிவ் வரிக்குள் மட்டும் புதுவரி டோக்கனை அனுப்ப, லெக்ஸரில் அடுத்த டோக்கனைத் தரும் நெக்ஸ்ட்டோக்கன் மெத்தடை ஓவர்ரைடு செய்வதுதான் சரியான வழியா?