எல்எஸ்எம்ஓ படலத்தின் கியூரி வெப்பநிலை 290 கெல்வினைத் தாண்டவில்லை, எங்கே பிழை?

கேள்வி:
ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் (001) அடித்தளத்தில் பிஎல்டி முறையில் (லேசர் துடிப்பால் டார்கெட்டை ஆவியாக்கிப் படியவைப்பது) வளர்த்த 40 நானோமீட்டர் எல்எஸ்எம்ஓ படலம் (லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் மாங்கனீசு ஆக்சைடு; லாந்தனம் 0.7, ஸ்ட்ரான்ஷியம் 0.3). ஹீட்டர் 700 டிகிரி செல்சியஸ், ஆக்சிஜன் 0.1 மில்லிபார். அதே அழுத்தத்திலேயே ஆறவிட்டேன். பருப்பொருளில் (படலமாக்காத கட்டியில்) 369 கெல்வின் இருக்கும் கியூரி வெப்பநிலை, அதாவது ஃபெர்ரோகாந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, இதில் 290தான். 200 கெல்வினுக்குக் கீழே மின்தடையும் ஏறுகிறது. ஆனால் 350 கெல்வினிலும் சின்னதாக ஒரு காந்தத் தயக்க வளையம் (ஃபெர்ரோகாந்தத்தன்மை இன்னும் இருப்பதன் அடையாளம்), 6×10⁻⁵ இஎம்யு (காந்தத் திருப்புத்திறன் அலகு). டார்கெட்டை மாற்றவா?

பதில் 1:
டார்கெட்டைத் தொடாதீர்கள். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு அளவீடு) 002 படிகத் தளத்தின் உச்சி எங்கே விழுகிறது?

கேட்டவர்:
செம்பு கே-ஆல்ஃபாவில் 46.7 டிகிரி. அடித்தள உச்சியின் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில் 1:
ஆக்சிஜன் குறைபாடுதான். அடித்தளம் படலத்தைப் பக்கவாட்டில் இழுப்பதால் படிக அலகின் செங்குத்து அளவு 3.85 ஆங்ஸ்ட்ராமாகச் சுருங்கி, உச்சி 47.2 அருகே வந்திருக்க வேண்டும். உங்களுடையது 3.89 வரை உப்பியிருக்கிறது. ஓர் ஆக்சிஜன் காலியிடம் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச்செல்லும். நான்கு நேர்மின் மாங்கனீசு மூன்றாக இறங்கும். துளைகள் (எலக்ட்ரான் இல்லாத இடங்கள்) குறைந்தால் இரட்டைப் பரிமாற்றம் (ஆக்சிஜன் வழியே மாங்கனீசுகளுக்கிடையே எலக்ட்ரான் தாவுவது) தளரும். அதனால்தான் காந்தமும் கடத்தலும் சேர்ந்தே கெடுகின்றன.

இந்தப் படலத்தைக் காப்பாற்றலாம். அடித்தளத்தை ஹீட்டரில் ஒட்டிய பின்புறச் சில்வர் பேஸ்ட்டை முதலில் சுரண்டி எடுங்கள், சூட்டில் வெள்ளி பரவும். குழாய் உலையில் ஆக்சிஜன் ஓடவிட்டு, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 750க்கு ஏற்றி 3 மணி நேரம் வையுங்கள்; இறக்குவது இன்னும் மெதுவாக. 900க்குப் போகாதீர்கள், ஸ்ட்ரான்ஷியம் மேற்பரப்புக்கு ஏறிவிடும்.

அடுத்த வளர்ப்பில் 0.3 மில்லிபார் வையுங்கள். லேசர் நின்றதும், சூடு இறக்கும் முன்பே, சேம்பரை 300 மில்லிபாருக்கு மேல் நிரப்பி, 550 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அழுத்தம் ஏறினால் ப்ளூம் (டார்கெட்டிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா) சுருங்கும், தடிமனை மறுபடி அளந்தே ஆகவேண்டும்.

பதில் 2:
350 கெல்வின் வளையம் படலத்துடையதே அல்ல என்பது என் கணிப்பு. 5×5 மில்லிமீட்டர், 40 நானோமீட்டர் படலம் முழுதாகக் காந்தமானாலே சுமார் 6×10⁻⁴ இஎம்யுதான். அதில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க 0.3 மைக்ரோகிராம் இரும்பு போதும். 30 மைக்ரான் அகலத்தில் ஒரே ஒரு துகள். எஃகு இடுக்கியால் பிடித்த மூலைகளை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். பிளாஸ்டிக் இடுக்கிக்கு மாறுங்கள். ஓரங்களை வைர அரத்தால் தேயுங்கள். அமிலம் வேண்டாம், படலத்தையும் தின்றுவிடும். பிறகு 300, 380 கெல்வின் இரண்டிலும் அளந்து பாருங்கள்: இரும்பென்றால் 380இலும் வளையம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

கேட்டவர்:
ஓரங்களைத் தேய்த்து, உலையிலும் வைத்து எடுத்தேன். உச்சி 47.15, கியூரி வெப்பநிலை 345 கெல்வின், மின்தடை 10 கெல்வின் வரை இறங்கிக்கொண்டே போகிறது. 380இல் வளையம் இல்லை, அடித்தளத்தின் எதிர்காந்தக் கோடு மட்டும்.