ஒரே பணம், வெவ்வேறு எண்கள்: எப்படிப் பொருத்துகிறீர்கள்?

வணக்கம். எங்கள் சங்கத்தின் சந்தாக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். இணையத்தில் உறுப்பினர் பணம் செலுத்தியதும் கட்டணத் தளம் ஒரு பரிவர்த்தனை எண் தருகிறது. வங்கி அறிக்கையிலோ வேறொரு எண். பலருடைய தொகை ஒரே வரவாக வந்து சேரும்போது யாருடையது எது என்று பிரிப்பது பெரும்பாடாக இருக்கிறது. பணத்தைத் திருப்பி அனுப்பினால் அதற்கும் புதிய எண்!

தொகையையும் தேதியையும் மட்டும் வைத்துப் பொருத்துவதில் எனக்கு நம்பிக்கையில்லை. எல்லோருக்கும் ஒரே சந்தாதானே.

பணம் பெறுபவர் தரும் குறிப்பெண்ணுக்கான ஐ.எஸ்.ஓ. 11649 என்ற சர்வதேசத் தரப்படி, ‘ஆர்.எஃப்.’ என்று தொடங்கி 25 எழுத்துகளுக்கு மிகாத குறிப்பெண்ணை, பணம் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு பில்லிலும் நாமே கொடுக்கலாம். அதில் 2 சரிபார்ப்பு இலக்கங்கள் இருப்பதால் தட்டச்சுப் பிழைகள் பெரும்பாலும் பிடிபடும். சிறிய அமைப்புகளில் யாராவது இதைப் பயன்படுத்துகிறீர்களா? கணக்கேட்டில் எந்த எண்ணை முதன்மையாக வைக்கிறீர்கள்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.