பொருள்: ‘பையர் கீவேர்டு’ – தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

பவானியிலிருந்து, பயிற்சி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம்.

இங்கே ஜமக்காளம் நெய்யும் குடும்பத்துப் பெண்களுக்கு, இணையத்தில் விற்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கீவேர்டுக்கு, அதாவது கூகுளில் தேட அடிக்கும் சொல்லுக்கு, ‘தேடுசொல்’ என்று போட்டேன், யாரும் விளக்கம் கேட்கவில்லை. அடுத்த படியில்தான் மாட்டிக்கொண்டேன்.

வகுப்பில் நடந்ததைச் சொன்னால் என் தேவை புரியும். போன மாதம் இவர்கள் காசு போட்டுக் கூகுளில் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்தார்கள். அமைத்துக் கொடுத்தவர் ‘ஜமக்காளம்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆள் வந்தது, காசும் கரைந்தது, ஒரு ஜமக்காளம்கூட விற்கவில்லை. வந்த அழைப்புகளை ஓர் அக்கா கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒருவர் காதுகுத்துக்கு வாடகைக்குக் கேட்டிருக்கிறார். இன்னொருவர் எண்ணெய்க் கறை எதில் போகும் என்று கேட்டிருக்கிறார். ஒரு கல்லூரிப் பையன் பிராஜெக்டுக்கு நெசவு வரலாறு கேட்டிருக்கிறான்.

அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த வகுப்பு நடந்தது. “நீங்களே வாங்கப் போகிறீர்கள், போனில் என்ன அடிப்பீர்கள்?” என்று கேட்டேன். பலகையில் விழுந்தவை இவை: ‘பவானி கைத்தறி ஜமக்காளம் விலை’, ‘கல்யாணச் சீர் ஜமக்காளம் எங்கே கிடைக்கும்’, ‘ஜமக்காளம் 6க்கு 9 அடி ரேட்’. ‘கைத்தறி’ என்று சேர்த்தது அந்த நோட்டு அக்காதான். விசைத்தறிப் போலி வாங்கி ஏமாந்தவர் இரண்டாம் தடவை கைத்தறி என்று சொல்லித்தான் கேட்பார் என்றார்.

இப்படி வாங்குகிற எண்ணம் வெளியே தெரிகிற தேடுசொல்லுக்கு ஒரு பெயர் வேண்டும். பையர் கீவேர்டு என்கிறார்கள், சிலர் லாங்டெயில் என்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் வகுப்பில் உண்டு. பலகையில் எழுதினால் பின்வரிசைக்கும் சட்டென்று பிடிபடவேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள அம்மையீர்,

நல்ல வினா. ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்பது தொல்காப்பியம். அங்கே பொருள் என்றால் அர்த்தம். கடைத்தெருவில் பொருள் என்றால் சரக்கு. தங்கள் மாணவியர் பலகையில் எழுதிய சொற்கள் இரண்டு வகையிலும் பொருள் குறித்தவை. எனக்கு அதுவே பெருமகிழ்ச்சி.

வாங்குதலுக்குப் பழந்தமிழில் வேர்ச்சொல் ‘கொள்’. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைக் ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்கிறது. இன்றும் கொள்முதல் என்கிறோம். ஆகவே கொள்சொல். கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் சொல் என முக்காலமும் தொக்கி நிற்கும் வினைத்தொகை. தங்கள் ‘தேடுசொல்’லுக்கு உடன்பிறப்பு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘கொள்ளை’ என்றாலே நமக்கு இன்று திருட்டுதான் நினைவுக்கு வருகிறது. அகநானூறு 140ஆம் பாட்டில் ‘வெண்கல் உப்பின் கொள்ளை சாற்றி’ என வருகிறது. அங்கே கொள்ளை என்றால் விலை. உப்பின் விலையைக் கூவிக்கொண்டு உமணர் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண் அதே பாட்டில் ‘நெல்லின் நேரே வெண்கல் உப்பு’ என்று சேரியில் கூவுகிறாள். என்ன பொருள், என்ன விலை, எதற்கு எது மாற்று என்று மூன்றும் நான்கு சொல்லில் வந்துவிட்டன. வெறுமனே ‘உப்பு’ என்று அவள் கூவவில்லை பாருங்கள்.

சமக்காளம் என்று எழுதுவது நன்று என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

சென்னையிலிருந்து, இணைய விளம்பரத் துறையில் இருப்பவர்:

ஐயா, உப்புப் பாட்டை என் அலுவலகத்தில் அச்செடுத்து ஒட்டப் போகிறேன்.

ஆனால் பெயர் வைக்கும் முன்னால் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட வேண்டும். லாங்டெயிலும் பையர் கீவேர்டும் ஒன்றல்ல. எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று கோட்டுப்படம் வரைந்தால் இடது பக்கம் ஒரு சில சொற்கள் மலைபோல் நிற்கும். வலது பக்கம் எண்ணற்ற சொற்கள், ஒவ்வொன்றையும் தேடுபவர் ஒருவர் இருவராக, தரையோடு தரையாக நீண்டுகொண்டே போகும். அந்த நீட்சிதான் வால். கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் வயர்ட் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அந்தப் பெயர் எல்லார் வாயிலும் புகுந்தது. அவர் எழுதியது அதிகம் விற்காத பொருள்களின் நீண்ட வரிசையைப் பற்றி. எங்கள் துறை அதைத் தேடுசொல்லுக்கு எடுத்துக்கொண்டது. வால் நீளம் என்பது படத்தில் இருக்கிற நீளம், சொற்றொடரின் நீளமல்ல. ‘ஜமக்காளத்தில் எண்ணெய்க் கறை எப்படிப் போக்குவது’ என்பதும் வாலில்தான் கிடக்கிறது. அதை அடிப்பவர் ஏற்கெனவே ஜமக்காளம் வைத்திருப்பவர், வாங்க மாட்டார்.

இங்கே பிரித்துப் பார்க்கவேண்டியது எண்ணம். கணினி அறிஞர் ஆண்ட்ரேய் பிரோடர் 2002இல் தேடல்களை மூன்றாக வகுத்தார்: ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக வழி தேடுவது, ஒன்றைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. டீச்சருக்கு வேண்டியது மூன்றாவது. சொல் சுருங்கச் சுருங்க எண்ணம் மறைந்துவிடுகிறது. ‘ஜமக்காளம்’ என்று மட்டும் அடிப்பவர் யார் என்று கூகுளுக்கே தெரியாது. ‘விலை’, ‘ரேட்’, ‘எங்கே கிடைக்கும்’, அளவு, ஊர்ப்பெயர் என ஒவ்வொன்று சேரும்போதும் ஆள் கடைப்படிக்கு நெருங்கி வருகிறார்.

இன்னொன்று. ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் வந்தேயிராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அதனால் பட்டியல் போட்டு முடிக்க முடியாது. அந்த நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். அதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஜமக்காளத்துக்கு ஒரு ‘கே’ போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு, இரண்டு பேரும் காசு கொடுப்பவர்கள்தான். ‘சமக்காளம்’ என்று அடித்துத் தேடுபவரை மட்டும் நான் பார்த்ததில்லை, ஐயா மன்னிக்கவேண்டும்.

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

> ஆகவே கொள்சொல்

சொல்லிப் பாருங்கள் ஐயா. எங்கள் ஊரில் பாதிப்பேர் வாயில் அது ‘கொல்சொல்’ ஆகிவிடும். வகுப்பில் கேட்பவருக்கு ஆளைக் கொல்லும் சொல். மிச்சப்பேருக்குக் கொள்ளுப் பருப்பு ஞாபகம் வரும்.

நேராக வாங்குசொல் என்றே போடலாமே? இதுவும் வினைத்தொகைதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பல்கலைக்கழக விரிவுரையாளர்:

அக்காவின் வகுப்பைப் பற்றி வாசிக்கச் சந்தோசமாய் இருக்கிறது. வாங்குசொல் என்றால் எங்களுக்கு முதலில் மனதில் வருவது இருக்கிற வாங்குதான். பள்ளிக்கூடத்து மர வாங்கு, நீங்கள் பெஞ்சு என்பது. போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். அதைவிட, ‘பேச்சு வாங்கினான்’, ‘ஏச்சு வாங்கினான்’ என்பது இரண்டு கரையிலும் உண்டு. வாங்குசொல் என்றால் அம்மாவிடம் வாங்கின சொல் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

‘வாங்குநர் தேடுசொல்’ என்று இரண்டு சொல்லாய்ப் போட்டால் என்ன? ஏன் ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்கவேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து:

வாங்கு என்பதற்குப் பழைய பொருள் வளைத்தல். வாங்குவில் என்றால் வளைந்த வில். பண்டத்தை நம் பக்கம் வளைத்து இழுப்பதால் பெறுதல் என்ற பொருள் கிளைத்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் தேடுபவரை நம் பக்கம் வளைக்கும் சொல் என்று கொண்டால் வாங்குசொல்லும் எனக்கு முற்றிலும் உடன்பாடற்றதல்ல. இருப்பினும் கொள்சொல்லே என் முதல் தேர்வு. ளகரத்தைச் சரியாக ஒலிக்கப் பயிற்றுவதும் ஆசிரியர் கடமையே.

நாகர்கோவிலிலிருந்து:

டீச்சருக்கு வணக்கம். எல்லாரும் கீவேர்டைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் விளம்பரத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் விளம்புவது என்றால் பந்தியில் இலைக்குப் பரிமாறுவது. விளம்பு என்றால் சொல்லுதல் என்ற பொருளும் அகராதியில் இருக்கிறது. பந்தியில் விளம்புகிறவன் இலையைப் பார்ப்பான். பாயசம் வேண்டாம் என்று இலையை மூடியவனுக்கு ஊற்றமாட்டான், கை நீட்டுகிறவனுக்கு ஓடிவந்து ஊற்றுவான். பவானிக்காரர்கள் போட்ட விளம்பரம் இலையைப் பார்க்காமல் விளம்பியது. சொல் என்னவாக இருந்தாலும் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

பவானியிலிருந்து:

பந்திக் கதையை இன்றைக்கே சொன்னேன். நன்றாக எடுபட்டது.

நடுவில் ஒரு சின்ன உதவி. வாடகை, இலவசம், வரலாறு, கறை போன்றவற்றை அடிப்பவருக்கு விளம்பரமே காட்டாதே என்று ஒதுக்கிவைக்கிறோமே, நெகட்டிவ் கீவேர்டு, அதற்கு ‘விலக்குசொல்’ சரியா?

கோவையிலிருந்து:

சரி.

சென்னையிலிருந்து:

அருமை. நாளை முதல் நானும் பயன்படுத்துகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நல்ல சொல்.

தஞ்சாவூரிலிருந்து:

சொல் ஏற்புடையது. ஆயினும் வினைத்தொகை எனக் கொண்டால் ‘விலக்குசொல்’. விலக்கு என்பதைப் பெயராகக் கொண்டால் ‘விலக்குச்சொல்’, வல்லினம் மிகும். எதுவெனத் தெளிந்து எழுதவேண்டும். கையேட்டில் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் மிகாமலும் வந்துவிடக்கூடாது.

பவானியிலிருந்து:

ஐயா, வினைத்தொகை என்றே வைத்துக்கொள்கிறேன். ஒற்று வேண்டாம்.

இன்று மதியம் வகுப்பில் நம் சொற்கள் எல்லாவற்றையும் பலகையில் எழுதினேன்: கொள்சொல், வாங்குசொல், வாங்குநர் தேடுசொல். பலகை பக்கம் திரும்பாமல் யார் சொல் எது என்றும் சொல்லாமல், எது புரிகிறது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் சந்தையில் கடை போடும் ஒரு பாட்டி, “இதென்ன கண்ணு, போணி ஆகிற சொல், போணி ஆகாத சொல், அவ்வளவுதானே” என்றார். பின்வரிசையிலிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் “அதேதான்” என்றார்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

போணிச்சொல். என்ன சொல்கிறீர்கள்?

தஞ்சாவூரிலிருந்து:

அந்த மூதாட்டியின் கூர்மைக்குத் தலைவணங்குகிறேன். சொல்லை மட்டும் ஏற்க இயலவில்லை. இந்தியில் போஹனி, தெலுங்கில் போணி. வந்தேறிய சொல்லைக் கொண்டு புதுச் சொல் ஆக்குவது, பிறர் நிலத்தில் வீடு கட்டுவது போன்றது. மேலும் போணி என்பது நாளின் முதல் விற்பனை மட்டுமே.

என் மறுப்பு வெறும் தூய்மைக்காக அன்று. கலைச்சொல் என்றால் அது குட்டி போடவேண்டும். கொள்சொல் என வைத்தால் கொள்நோக்கம், கொள்பக்கம், கொள்வீதம் எனக் குடும்பமே வரும். போணிநோக்கம், போணிவீதம் என்று பாடநூலில் எழுத முடியுமா? ஒரு வகுப்புக்கு அது போதும். ஒரு துறைக்குப் போதாது.

கோவையிலிருந்து:

ஐயா, தொல்காப்பியரே திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் கொடுத்துத்தானே நான்கு வகை வைத்தார்? போணி திசைச்சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தப் படம் போணியாகவில்லை’ என்று சொல்கிறோம், அங்கே முதல் விற்பனையா பொருள்? வழக்கு எப்போதோ விரிந்துவிட்டது.

தஞ்சாவூரிலிருந்து:

‘செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தங்குறிப்பினவே’ என்றுதான் திசைச்சொல்லுக்கு நூற்பா. பன்னிரு நிலத்தில் போஹனி எங்கே வருகிறது?

மதுரையிலிருந்து:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் போணி என்றால் தண்ணீர் மொள்ளும் பாத்திரம். இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து:

குட்டி போடவேண்டும் என்று ஐயா சொன்னது கனமான வாதம், அதைத் தள்ளிவிட முடியாது. வாங்கும் எண்ணம், வாங்கியவர் விகிதம் எல்லாவற்றுக்கும் அடுத்தடுத்துச் சொல் வேண்டித்தான் இருக்கும்.

ஆனால் என் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் இந்த வகுப்பில் கற்றுக்கொடுப்பதே, விற்பவருக்குப் பிடித்த சொல்லை வைக்காதே, வாங்க வருபவர் வாயில் இருக்கிற சொல்லைக் கேட்டு வை என்பதுதான். அந்தப் பாடத்துக்கே ஒரு பெயர் வைக்கும்போது மட்டும் நாம் அதை மறந்துவிடலாமா? நாம் இங்கே மூன்று நாளாகப் பேசுகிறோம். அந்தப் பாட்டி அரை நிமிடத்தில் சொன்னார். ‘ஜமக்காளம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குக் காசைக் கொட்டியதும், யாரும் பேசாத சொல்லைக் கையேட்டில் அச்சடிப்பதும் எனக்கு ஒரே தவறாகத்தான் தெரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இங்கே போணி என்று நாங்கள் கதைப்பதில்லை. ஆனால் பவானியில் அச்சடிக்கிற கையேட்டுக்கு யாழ்ப்பாணத்துக் காதைக் கேட்கத் தேவையில்லை. இங்கே நான் பாடம் எடுத்தால் ‘வாங்குநர் தேடுசொல்’ என்றுதான் எழுதுவேன்.

பவானியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. நாளை காலை கோப்பு அச்சகத்துக்குப் போகிறது. தலைப்பில் ‘வாங்குநர் தேடுசொல்’ என்று போட்டுவிட்டேன், அதைப் பார்த்து யாரும் தடுமாறவில்லை. உள்ளே பயிற்சிப் பக்கங்களில், கட்டம் போட்டு அவர்களே எழுதவேண்டிய இடத்தில், ‘போணிச்சொல்’, ‘விலக்குசொல்’ என்று இரண்டு பத்தி வைத்திருக்கிறேன். முதல் கட்டத்தை நோட்டு அக்காவே நிரப்பித் தந்தார்: ‘கைத்தறி ஜமக்காளம் 6க்கு 9 விலை’ ஒரு பக்கம், ‘வாடகை’ மறுபக்கம்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. ஜமக்காளத்தை ஜமக்காளம் என்றே விட்டுவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து:

அது கேள்வியன்று, அறிவிப்பு. இருக்கட்டும், பண்டத்தின் பெயர் நெய்கிறவர் உரிமை.

போணிச்சொல்லை நான் ஏற்கவில்லை என்பது குழுமப் பதிவில் இருக்கட்டும். இறுதிப் பக்கத்தில் சொற்பட்டியல் வருமானால், வாங்குநர் தேடுசொல்லுக்கு எதிரே சிற்றெழுத்தில் கொள்சொல் என்றும் சேர்க்க இயலுமா? கோப்பு எத்தனை மணிக்குப் போகிறது?

பவானியிலிருந்து:

பத்து மணிக்கு, ஐயா. சேர்த்துவிடுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து:

அப்படியே விளம்பரம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘பந்தியில் பரிமாறுதல்’ என்றும் ஒரு வரி போட்டுவிடுங்கள் டீச்சர்.