மே மாதத்தில் உறையாத ஜெலட்டின்

கம் பைகுரோமேட் முறையில் படம் அச்சிடத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கம் அராபிக் என்ற மரப்பிசின், நீர்வண்ணம், ஒளியுணரும் உப்பான பொட்டாசியம் டைகுரோமேட் ஆகிய மூன்றையும் கலந்து தாளில் பூசி, நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடத்தில் பிசின் இறுகி நிற்கும். படாத இடத்தில் தண்ணீரில் கரைந்து வண்ணத்தோடு வெளியேறிவிடும். ஒரே தாளில் மூன்று நான்கு முறை பூசுவதால், வெளியேற வேண்டிய வண்ணம் நாருக்குள் புகுந்துவிட்டால் இரவெல்லாம் ஊறவைத்தாலும் வராது. அதைத் தடுக்கத்தான் தாளுக்கு ஜெலட்டின் போடுகிறோம். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுவதைச் சைசிங் என்பார்கள். இதற்கும் அதே பெயர்தான்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளை முதலில் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து உலர்த்தினேன். 30 செ.மீ. நீளத்தில் 3 மி.மீ. சுருங்கியது. இந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளாவிட்டால், இரண்டாம் பூச்சுக்கு நெகட்டிவ் பொருந்தாது. பிறகு 30 கிராம் ஜெலட்டினை ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் ஊறவிட்டு, பாத்திரத்தைச் சுடுநீருக்குள் வைத்து 60 டிகிரி வரை சூடாக்கினேன். கொதிக்கவிட்டால் அதன் உறையும் திறன் குறைந்துவிடும். (எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் பொருள் என்று தெரிந்த அன்றே வீட்டு அடுப்பு எனக்கு மறுக்கப்பட்டது, மொட்டை மாடியில் ஒரு மின்னடுப்போடு ஒதுங்கிக்கொண்டேன்.) பன்னிரண்டு தாள்களை முக்கியெடுத்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, உலர்ந்த பிறகு, ஜெலட்டின் தண்ணீரில் கரையாமலிருக்க, ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) கலந்த நீரில் இறுகவைத்தேன்.

அச்சிட்டபோது எல்லாத் தாள்களிலும் ஒரே குறை. மேல் பாதியில், வெண்மையாக இருக்க வேண்டிய வானத்தில் நீலக் கறை படிந்திருந்தது. கீழே படம் பளிச்சென்று இருந்தது. நீல வண்ணத்தைச் சந்தேகித்து வேறு வாங்கினேன், வெயிலில் காட்டும் நேரத்தைக் குறைத்தேன். இரண்டு வாரங்கள் வீணாயின. கடைசியில், அச்சிடாத ஒரு தாளின் மேலோரத்தில் ஒரு சொட்டும் கீழோரத்தில் ஒரு சொட்டும் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மேலே விட்டது எண்ணிப் பத்துக்குள் ஈரத்தடமாகப் பரவியது. கீழே விட்டது முத்துப்போல் நின்றது. தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோது, கீழோரம் முழுவதும் வழிந்து காய்ந்த பளபளப்பு தெரிந்தது.

அது சென்னையின் மே மாதம். மாடியில் நிழலிலேயே 36 டிகிரி. அந்தச் சூட்டில் இவ்வளவு நீர்த்த ஜெலட்டின் உறைவதே இல்லை, காயும்வரை வழிந்துகொண்டே இருக்கிறது. டைகுரோமேட் பூசிய தாள் ஒளியில் மாறுவதை 1839இல் கண்டறிந்த மங்கோ பாண்டன் ஸ்காட்லாந்துக்காரர். எனக்குக் கிடைத்த செய்முறைக் குறிப்புகளும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவையே. தொங்கவிட்டவுடன் தாளிலேயே ஜெலட்டின் உறைந்துவிடும் என்பதை அவர்கள் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இப்போது ஏசி அறையில் தாளைக் கண்ணாடிப் பலகைமேல் கிடத்தி, தொட்டால் விரலுக்குக் குளிர்ச்சியாக, அசையாமல் நிற்கும் பதம் வந்த பிறகே தொங்கவிடுகிறேன். இரண்டாம் முறை முக்கும்போது தலைகீழாகத் தொங்கவிடுகிறேன். ஃபார்மலின் வேலை மட்டும் இன்றும் மாடியில்தான், கையுறையோடும் முகக்கவசத்தோடும். அது புற்றுநோய் விளைவிக்கக் கூடியது, மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம்.

*

(வாசகர் ஒருவரின் மறுமொழி) தாங்கள் எழுதியதைப் படித்ததும் என் அலமாரி நினைவுக்கு வந்தது, ஐயா. ஃபார்மலின் நெடி தாங்காமல் நான், ஜெலட்டினை அதேபோல் இறுகவைக்கும் கிளையாக்சல் என்ற வேதிப்பொருளுக்கு மாறியவன். 40 சதவீதக் கரைசலில் 15 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் நீரில் கலந்து, ஜெலட்டின் போட்ட தாள்களை ஐந்து நிமிடம் முக்கினேன். பிறகு கழுவ வேண்டும் என்று படித்திருந்தும், போட்டது கரைந்துவிடுமோ என்ற பயத்தில் அப்படியே உலர்த்தி அடுக்கிவைத்துவிட்டேன். இரண்டு மாதங்கள் கழித்துத் திறந்தால், எட்டுத் தாள்களும் பழைய தினத்தாள் போல மஞ்சளித்திருந்தன. அவசரத்தில் தண்ணீர் பட்டுக் கழுவப்பட்டிருந்த ஒரு மூலை மட்டும் வெண்மையாக இருந்தது. இப்போது ஓடும் நீரில் பத்து நிமிடம் கழுவுகிறேன். சில வாரங்களுக்குள் அச்சிட்டும்விடுகிறேன். அந்த எட்டுத் தாள்களை எறிய மனம் வரவில்லை. பழுப்பு வண்ணத்தில் அச்சிடும் படங்களுக்கென்று தனியே வைத்திருக்கிறேன்.